பதினோரு பேர் வந்து சேர வேண்டும்

மாவட்டக் கால்பந்து லீக்கின் மேல் டிவிஷனில் ஒரு சின்ன கிளப் ஏன் தடுமாறுகிறது என்று, ஆட்டம் பார்க்க வந்தவர்களைக் கேட்டால் டிபென்ஸைக் குறை சொல்வார்கள். நீலகிரியில் கிளப் செயலாளர் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் ஷிப்ட் அட்டவணையைக் காட்டுவார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன்களிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் ஆள் எடுக்கும் கிளப்புக்குக் கால் திறமைக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குப் பதினோரு ஜோடி கால்கள் ஒரே கிரவுண்டில் நிற்பதுதான் பெரும்பாடு.

பத்து அணிகள், ஒரே சுற்று, கடைசி இரண்டு அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். அணிக்கு 9 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு புள்ளி வீதம் 9 எடுத்தால் தப்பிக்கலாம் என்பது கைக்கணக்கு. கைக்கணக்கு காலை வாருவதும் உண்டு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 38 ஆட்டங்களுக்கு 40 புள்ளி போதும் என்பார்கள். 2002-03இல் வெஸ்ட் ஹாம் கிளப் 42 எடுத்தும் இறங்கியது. இருந்தாலும் அந்த 9 எங்கிருந்து வரும் என்று சீசனுக்கு முன்பே எழுதி வைப்பது நல்லது. சம்பளத்தோடு ஆள் வைத்திருக்கும் நிறுவன அணிகளிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நம்மைப் போலவே கடன் வாங்கிப் பந்து வாங்கும் நாலைந்து அணிகளோடு மோதுவதுதான் நமக்கு உண்மையான லீக். அதில் ஒன்றில் ஆள் இல்லாமல் வாக் ஓவர், அதாவது ஆடாமலே எதிரணிக்கு வெற்றி, கொடுத்தால் நமக்கு மூன்று போகும், நம்மோடு தொங்கிக்கொண்டிருப்பவனுக்கு மூன்று சேரும், பெரும்பாலான லீக்குகளில் 0-3 என்று கோல் கணக்கிலும் ஏறும்.

ஆள் ஏன் வருவதில்லை? தேயிலைக் கொழுந்து. பகலில் பறித்த இலை ஃபேக்டரியின் வாட்டும் தொட்டியில் 12 மணி நேரத்துக்கு மேல் கிடக்க வேண்டும். அதனால் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மிஷின் ஓடத் தொடங்குவது நள்ளிரவிலோ விடியற்காலையிலோதான். மழை பெய்து வெயில் அடித்து இலை குவியும் வாரங்களில் ஞாயிறும் ஓடும். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடித்து மூன்று மணி நேரம் தூங்கி வருகிறவன் முதல் பாதி நன்றாகவே ஆடுவான். அறுபதாவது நிமிடத்துக்கு மேல் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். அவனைக் கடைசி 25 நிமிடத்துக்கு இறக்குவதே லாபம். ஷிப்ட் மாற்றிக் கேட்பதானால் இரண்டு வாரம் முன்பே ஃபேக்டரியில் தயாரிப்பைப் பார்க்கும் டீ மேக்கரிடம் தேதி எழுதிய சீட்டைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி போனில் கேட்டால் கிடைக்காது, கேட்பதும் முறையில்லை. இன்னொன்று: ஒரே ஃபேக்டரியிலிருந்து நாலு பேரை எடுக்கக் கூடாது. இலை குவிந்தால் நாலு பேருமே வரமாட்டார்கள். ஒரு ஃபேக்டரிக்கு இரண்டு பேர், அதிலும் இருவரும் ஒரே இடத்தில் ஆடாதவர்கள் என்று வைத்தால் ஓட்டை சமாளிக்கும் அளவில் இருக்கும். கோவையில் படிக்கிற பையன்களுக்குப் பரீட்சை, கொழுந்து ஏற்றும் லீஃப் வண்டி ஓட்டுபவனுக்கு டிரிப். ஒவ்வொருவரின் தடையும் வேறு வேறு வாரத்தில் விழும்படி அணி சேர்ப்பது, நல்ல விங்கரைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய வேலை.

இங்கே பலர் கோட்டைவிடும் விதி ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கப் பதினோரு பேர் தேவையில்லை. ஏழு பேர் இருந்தால் போதும், ஏழுக்குக் கீழே போனால்தான் நடத்த முடியாது. எட்டுப் பேர் இருக்கும்போதே “இன்னும் மூணு பேர் வந்துட்டிருக்காங்க சார்” என்று ரெஃப்ரியிடம் கெஞ்சி, நேரம் தாண்டி வாக் ஓவர் கொடுப்பது வீண். எட்டுப் பேரோடு இறங்கி, பந்தைக் கூட்டத்துக்கு வெளியே உதைத்து, கால் மணி நேரத்தை ஓட்டலாம். ஆனால் வரப்போகிறவர்களின் பெயர் கிக் ஆஃபுக்கு முன் கொடுத்த டீம் லிஸ்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜீப்பிலிருந்து பூட்ஸோடு குதித்து வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். “அவன் வருவானோ மாட்டானோ” என்று தோன்றும் பெயரை முதலில் எழுத வேண்டும். அடையாள அட்டைகள் ஒரே பையில், செயலாளர் கையில். ஆடுபவர்களிடம் விட்டால் ஒன்று வீட்டில் இருக்கும், ஒன்று வண்டியில் இருக்கும். மஞ்சள் அட்டைக்குத் தனி நோட்டு. அட்டை சேர்ந்து ஆடத் தடை உள்ளவனை இறக்கிவிட்டு வாங்கிய புள்ளி அடுத்த வாரமே பறிபோகும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. கோத்தகிரியிலிருந்து ஆட்டம் நடக்கும் ஊட்டி சுமார் 30 கிலோமீட்டர், கூடலூரிலிருந்து 50. மே மாதச் சுற்றுலா சீசன் கூட்டத்தில் இரண்டுமே அரை நாள் வேலை. மழைக்காலத்தில் கோத்தகிரி சாலையில் மரம் விழுந்தால் குன்னூர் சுற்றித்தான் வர வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்கள் கிளம்பும்போது பிரியாணி சாப்பிடாமல் இருப்பது அணிக்கு நல்லது. வளைவுகளில் வெளியே வந்துவிடும்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 1970, 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டங்கள் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய இதே உயரம்தான். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு. தூக்கி அடித்த பந்து நினைத்ததைவிடத் தள்ளி விழும். கீழிருந்து வரும் கோல்கீப்பர் முன்னே ஓடிவந்து தலைக்கு மேல் விடுவது இதனால்தான். பந்தின் காற்றும் ஏமாற்றும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடித்த பந்து, வெப்பம் மாறாவிட்டால், ஊட்டியில் 13 காட்டும். வெப்பம் 20 டிகிரி குறைந்தால் 11 பக்கம் வந்து நிற்கும். விதி அனுமதிப்பது 8.5 முதல் 15.6 வரை. அதனால் வீட்டில் அடித்துக்கொண்டு வராமல், பந்தைக் கிரவுண்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் வைத்து அடிக்க வேண்டும். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில் வராது.

குளிரில் கிழியும் தசைக்கு மருந்து, முன்கூட்டியே சூடேற்றுவதுதான். ஃபிஃபாவின் 11+ பயிற்சிக்கு 20 நிமிடம் போதும். மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடிக்க, உடலை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சி அதில் இருக்கிறது. தொடையின் பின்தசைக்கு அதைவிட நல்லது கிடையாது. இடைவேளையில் நனைந்த ஜெர்சியோடு உட்கார்ந்து பன்னும் டீயுமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு நேராக இறங்குவதுதான் ஆபத்து. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கடைசி மூன்று நிமிடம் ஓட வேண்டும்.

கிரவுண்டில் கோடு போடுவது நம் பொறுப்பென்றால் நீற்றாத சுண்ணாம்பு கூடவே கூடாது. ஈரத்தில் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். சாக்பீஸ் மாவு போதும். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூலைக்கு 3 மீட்டர், 4 மீட்டர் கயிறு இழுத்து, குறுக்கே 5 வருகிறதா என்று பார்த்தால் செங்கோணம் தப்பாது. மூடுபனி மூன்றரைக்கு மேல் இறங்கும் மாதங்களில் ஆட்டத்தை இரண்டு மணிக்கே கேட்டு வாங்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பனியால் நின்றுபோன ஆட்டத்தை இன்னொரு நாள் முதலிலிருந்து ஆட நேர்ந்தால், அதே பதினோரு பேரை மறுபடி சேர்க்க வேண்டுமே.

நனைந்த பூட்ஸை அடுப்பங்கரையில் காயவைத்தால் அடிப்பாகம் பசை விட்டுக் கழன்றுவிடும். செய்தித்தாளைத் திணித்து, இரண்டு முறை மாற்றி, நிழலில் வைக்க வேண்டும்.

ஆட்ட முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்னால் நாலு பேர், முன்னால் ஐந்து பேர், இரண்டு வரிசைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல். பெரிய அணியிடம் 0-2 என்று இருக்கும்போது எல்லோரும் ஏறிப்போய் 0-6 ஆக்கிக்கொள்வது வீரம் இல்லை. கோல் வித்தியாசத்தில் இறங்கும்போது அந்த நாலு கோல் ஞாபகத்துக்கு வரும்.

பணக் கணக்கை விளையாட்டு அல்ல என்று நினைப்பவர்கள் எய்பார் கிளப்பின் கதையைக் கேட்க வேண்டும். ஸ்பெயினில் சுமார் 27,000 பேர் வாழும் ஊர். 2014இல் முதன்முறையாக மேல் டிவிஷனுக்கு ஏறியபோது, விதிப்படி மூலதனம் போதாமல் சுமார் 17 லட்சம் யூரோவுக்குப் பங்கு விற்றார்கள். அந்த சீசனில் முடித்தது 18ஆம் இடம், அதாவது இறங்கும் இடம். ஆனால் 13ஆவது வந்த எல்ச்சே, கட்ட வேண்டிய பாக்கியைக் கட்டாததற்காகக் கீழே இறக்கப்பட்டது. கடனில்லாத எய்பார் தங்கியது, 2021 வரை அங்கேயே ஆடியது. நம் லீக்கில் தொகை சின்னது, சங்கதி அதேதான். பதிவுக் கட்டணம், ரெஃப்ரி பேட்டா, ஜீப் வாடகை மூன்றையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் ஜெர்சி வாங்க வேண்டும்.

ஜெர்சி என்றதும் ஒன்று. கடைசி ஆட்டம் முடிந்த அன்று, ஜெயித்தாலும் தோற்றாலும், கிரவுண்டைவிட்டுக் கிளம்பும் முன் எண்ணி வாங்கிவிட வேண்டும். “அண்ணா, துவைச்சுக் கொண்டு வர்றேன்” என்று போகும் பதினாறில் பதின்மூன்றுதான் திரும்பும். கோல்கீப்பரின் ஜெர்சி திரும்பவே திரும்பாது.