பஞ்சர் ஒட்டுவதா, டயரையே மாற்றுவதா?

பைக்கின் பின்டயரில் ஆணி ஏறிவிட்டால் பஞ்சர் கடையில் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "டியூபா, டியூப்லெஸ்ஸா?" என்பதுதான். ஒட்டினால் போதுமா, டயரையே மாற்ற வேண்டுமா என்பதற்கான பதில் ஓரளவு அதிலேயே அடங்கியிருக்கிறது. ஆணி எந்த இடத்தில் ஏறியது, காற்று இறங்கிய பிறகும் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது, டயருக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்பவற்றையும் பார்த்தால்தான் பதில் முழுமையாகும். ஆனால் பெரும்பாலான கடைகளில் ஓட்டையின் அளவும் வாடிக்கையாளரின் அவசரமுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். லாரிகளிலிருந்து உதிரும் இரும்புச் சில்லுகளின் தயவால் இந்த விஷயத்தில் எனக்கு வேண்டிய அளவு அனுபவம் கிடைத்திருக்கிறது.

ஸ்போக்ஸ் வீல் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும். ஸ்போக்ஸ் கம்பிகளைப் பிடித்திருக்கும் நிப்பிள்கள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்பதால் அந்த ரிம்மால் காற்றைத் தானாகப் பிடித்துவைக்க முடியாது. டியூபில் ஓட்டை விழுந்தவுடன் காற்று டயருக்கும் டியூபுக்கும் இடையே புகுந்து, வால்வு துவாரம் வழியாகவும் நிப்பிள் துவாரங்கள் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. ஆகவேதான் டியூப் டயர் சட்டென்று தரையோடு படிந்துவிடுகிறது. இங்கே கேள்வி டயரைப் பற்றியது அல்ல, டியூபைப் பற்றியது. மேற்பரப்பை நன்றாக உரசி, சொல்யூஷன் தடவி, அதன் ஈரம் காயும்வரை பொறுத்திருந்து போட்ட ஒட்டு பல காலம் தாங்கும். காயும்வரை பொறுப்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம் தெரியும். வால்வின் அடிப்பகுதியில் கிழிந்த டியூபையும், மடிப்பில் நீளமாகப் பிளந்த டியூபையும் ஒட்டிப் பயனில்லை. குறைந்த காற்றோடு ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்ற, டியூபும் அதோடு இழுபட்டு வால்வு சாய்ந்துவிடுகிறது. ரிம்மிலிருந்து வால்வு நேராக நிற்காமல் ஒருபக்கம் சரிந்திருந்தால் அந்தக் கிழிசல் வரப்போகிறது என்று பொருள். என்னைக் கேட்டால், ஏற்கெனவே இரண்டு ஒட்டு உள்ள டியூபில் மூன்றாவதைப் போடுவதைவிடப் புது டியூப் போட்டுவிடுவதே நல்லது. டயர் விலையோடு ஒப்பிட்டால் டியூப் விலை சொற்பம். எப்படியானாலும், டியூபைத் திரும்ப உள்ளே வைக்கும் முன் டயரின் உட்புறம் முழுவதும் ஒரு பழந்துணியை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆணியின் முனை ஒடிந்து உள்ளேயே நின்றிருந்தால் துணி அதில் மாட்டிக்கொள்ளும். பார்க்காமல் விட்டால் மறுநாளே அதே இடத்தில் மறுபடி பஞ்சர்.

அலாய் வீலில் வரும் டியூப்லெஸ் டயரின் கதை வேறு. ஆணியை ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் காற்று மெதுவாகவே கசிகிறது. ஏறிய ஆணியோடு நாள்கணக்கில் ஓடும் வண்டிகளும் உண்டு. கடைக்காரர் வீலைக் கழற்றுவதே இல்லை. கொறடால் ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற கருவியைத் துளைக்குள் விட்டு நாலு தடவை முன்னும் பின்னும் இழுத்து, பசை தோய்ந்த ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்துக் குத்தி, ஊசியை மட்டும் வெளியே உருவி, நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் அறுத்துவிடுகிறார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஓட்டை டயரின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள், நேராக இறங்கியதாக இருந்து, காற்று இறங்கிய நிலையில் வண்டி ஓடாமலும் இருந்திருந்தால் டயரை மாற்றத் தேவையே இல்லை. "ஒரு பஞ்சர் ஆனாலே டியூப்லெஸ் டயரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்" என்று சில ஷோரூம்களில் சொல்வதை நான் ஏற்பதில்லை.

அதே சமயம், டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாக இந்த ஸ்ட்ரிப்பை நிரந்தர வைத்தியமாகக் கருதுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சோதித்து, காளான் வடிவிலான அடைப்பை உள்ளிருந்து செருகி, அதன் தலையை உட்சுவரோடு ஒட்டுவதே அவர்கள் சொல்லும் முறையான பழுதுபார்ப்பு. ஒட்டிய பிறகு முதல் 24 மணி நேரத்துக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் வண்டிக் கையேடுகளும் உண்டு. நகருக்குள் ஐம்பது, அறுபது வேகத்தில் ஓடும் 100 சிசி, 125 சிசி வண்டிகளுக்கு, நல்ல கையால் போட்ட ஸ்ட்ரிப் டயர் தேயும்வரை நிற்பதைக் கண்ணாரப் பார்க்கிறோம். திண்டிவனம் பக்கம் நூறில் பறக்கிறவர்கள் அதை நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓட்டை ஓரத்தில் இருந்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். கார் டயர் தட்டையானது. பைக் டயரோ உருண்டையானது, வளைவில் சாயும்போது அதன் தோள் பகுதிதான் தரையில் படும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரிகிறது. அங்கே ரப்பர் மெல்லியது, வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதனுள் ஓடும் நூலிழைகள்தான். அறுந்த இழையை எந்த ஒட்டும் திரும்ப இணைக்காது. 80/100-18 போன்ற சிறிய டயரின் மொத்த அகலமே சுமார் 80 மில்லிமீட்டர் என்பதால், கவலையில்லாமல் ஒட்டக்கூடிய இடம் நடுவில் மூன்று விரல் அகலம் இருந்தால் அதிகம். இப்படிப்பட்ட நேரத்தில்தான், "உள்ள ஒரு டியூப் போட்டுடலாம் சார்" என்ற யோசனை வரும். வீடு போய்ச் சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் டியூப் காற்றைத்தான் பிடித்துவைக்கும். அறுந்த இழைக்குப் பதிலாக நிற்காது. டியூபும் டயரும் உரசிச் சூடு ஏறுவதோடு, காற்று மெதுவாக இறங்கும் டியூப்லெஸ்ஸின் பெரிய நன்மையும் போய்விடுகிறது.

பலரும் கவனிக்காத விஷயம், காற்றில்லாமல் ஓட்டிய தூரம். கடை இன்னும் ஒரு கிலோமீட்டரில் வந்துவிடும் என்று தட்டையான டயரோடு உருட்டிக்கொண்டே போகும்போது, ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் பக்கச்சுவர் மடிந்து நசுங்குகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. படப்பைக்கு அருகே ஒரு கடையில் பெரியவர் ஒருவர் என் பின்டயரை ரிம்மிலிருந்து கழற்றி, வாயை விரித்துப் பிடித்து, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே காட்டினார். சுவரின் உட்புறம் நெடுக, விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வட்டமாக ஒரு தேய்மானக் கோடு ஓடியது. அங்கே விரலை வைத்து அவர் தேய்த்தபோது மைபோல் கருப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அது உதிர்ந்த ரப்பர். "ஒட்டுனா காத்து நிக்கும் தம்பி, டயர் நிக்காது" என்றார். வெளியிலிருந்தே ஸ்ட்ரிப் போடும் பழக்கத்தின் மேல் எனக்குள்ள மனக்குறையே இதுதான்: டயரைத் திறக்காதவரை, ஒட்டலாமா மாற்றலாமா என்ற கேள்வியையே யாரும் கேட்பதில்லை. தட்டையாகச் சிறிது தூரம் ஓட்டியிருந்தாலும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

சில சமயம் அது பஞ்சராகவே இருக்காது. வால்வு பின் தளர்ந்திருக்கலாம், அல்லது குழியில் விழுந்து ரிம்மின் உதடு வளைந்திருக்கலாம். சோப்புத் தண்ணீரை வால்வின் வாயிலும் ரிம் ஓரத்திலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே டயரைக் குற்றம் சொல்ல வேண்டும்.

முன்டயர் விஷயத்தில் நான் இன்னும் கறார். பின்டயரில் காற்று போனால் வால் ஆடும், பெரும்பாலும் சமாளித்து ஓரங்கட்டிவிடலாம். முன்டயரில் போனால் ஹேண்டில்பாரே சொன்னபடி கேட்காது, பிரேக் பிடிக்கும்போது பாரமும் முன்னால்தான் இறங்கும். அதில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் என் வழக்கம்.

கடைசியாகத் தேய்மானம். இரு சக்கர வாகன டயரின் பள்ளம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது நம் மோட்டார் வாகன விதி. பக்கச்சுவரில் உள்ள சிறு முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ காட்டும் இடத்தில், பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். மேல்ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மொட்டை டயரில் ரப்பரின் கனம் குறைவதால், முன்பு பாதியோடு நின்றுபோன முள்ளும் கம்பியும் இப்போது உள்ளே போய்விடுகின்றன. அடிக்கடி பஞ்சர் ஆகிறதென்றால் சாலையைத் திட்டுவதற்கு முன் டயரைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில், ஓட்டை நட்டநடுவில் இருந்தாலும் ஒட்டுக்குச் செலவழிக்கும் 100, 150 ரூபாய் வீண்தான்.

மாற்றுவது என்று முடிவான பின், பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருக்கும் நான்கு இலக்கங்களைப் பில் போடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது, கடையில் பல வருடம் கிடந்த சரக்கு. சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக அமைந்திருக்கிறதா என்றும், டியூப்லெஸ் என்றால் வால்வையும் புதிதாகப் போட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புது டயரின் மேற்பரப்பு ஆரம்பத்தில் வழவழப்பாக இருக்கும் என்பதால், முதல் நூறு கிலோமீட்டர் வரை வளைவுகளில் அதிகம் சாய்க்காமல், திடீர் பிரேக் பிடிக்காமல் ஓட்ட வேண்டும்.