எந்த அறுபது?

பொங்கலன்று கூட்டுக் குழம்புத் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குளிரில் மூக்கு ஒழுக நான் நின்ற இடம் 60-வது ரோடு. போக வேண்டியதோ 60-வது லேன். "லேன்னுதானே தம்பி சொன்னேன், ரோட்டுல போய் ஏன் நிக்கிறீங்க?" என்று போனில் அந்த அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

நியூயார்க்கின் குயின்ஸில் மாஸ்பெத் பக்கம் வந்து பாருங்கள். 60-வது ஸ்ட்ரீட், பிளேஸ், லேன் மூன்றும் வடக்கு தெற்காகப் போகும். 60-வது அவென்யூ, ரோடு, டிரைவ் கிழக்கு மேற்காக. ஒரே எண்ணுக்கு ஆறு பங்காளிகள்! நான் போவதற்குள் குழம்பு ஆறிவிட்டது.

ஆதியிலிருந்தே இப்படி இல்லையாம். 1898-இல் குயின்ஸ் நியூயார்க்கோடு சேர்ந்தபோது இது சிறு சிறு ஊர்கள். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் தெரு. குழப்பம் தீர, அடுத்த சில பத்தாண்டுகளில் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டார்கள். குழப்பம் தீர்ந்த லட்சணத்தைத்தான் என் குழம்பு பார்த்துவிட்டதே.

நாமும் பெயர் மாற்றியவர்கள்தான். எங்கள் புதுச்சேரியில் துய்ப்ளே வீதி நேரு வீதி ஆகவில்லையா? ஆனால் பெயர் போன இடத்தில் இன்னொரு பெயர்தானே வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் நீளச் சொல்லே முனையில் இருந்த நீலப் பலகைதான்: நீ-ட-ரா-ஜப்-பை-யர் வீதி. ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அப்பா கடலை மிட்டாய் வாங்கித் தருவார்.

இப்போது பழகிவிட்டது. கதவெண் 60-15 என்றால் குறுக்குத்தெரு 60, வீடு 15 என்று நானே புதிதாக வருபவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் இருக்கும் பவுன் ஸ்ட்ரீட் எண்ணுக்குத் தப்பிவிட்டது. 2022-இல் அதற்கு 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்று கூடுதல் பெயரும் கிடைத்தது. அங்கே தேங்காய் உடைக்கும்போதெல்லாம் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் செருப்பைத் தேடும் நினைப்பு வந்துவிடுகிறது.

நான் தினமும் இறங்கும் ஏழாம் நம்பர் ரயில் நிலையத்தில் எண்ணோடு பழைய பெயரும் இருக்கிறது. '46 ஸ்ட்ரீட் - பிளிஸ் ஸ்ட்ரீட்'. பிளிஸ் என்றால் பேரின்பம். கண்ணில் பட்ட அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பேரின்ப வீதியா? பக்கத்துல மடம் ஏதாவது இருக்காடா?"