வாடைக் காலத்தில் திருமலை

டிசெம்பர் 8
திருகோணமலைக்கு முதன்முறை வருபவர்கள் எல்லோரும் கேட்பது நிலாவெளிக் கடலைத்தான். இப்போது அது குளிக்கிற கடல் இல்லை. வாடைக்காற்று நேரே கரைக்கு அடிக்கிறது. திரும்புகிற அலை காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும், முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஆளே சரிவார். புறாத்தீவுக்குப் படகு கிடைத்தாலும் வேண்டாம்: தண்ணீர் கலங்கிக் கிடக்கும், பவளப்பாறை தெரியாது. அதற்கு மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள்.

டிசெம்பர் 11
ஸ்வெட்டர் தேவையில்லை, பகலில் 27, 28 பாகை இருக்கும். நனைந்த உடுப்போடு காற்றில் நின்றால்தான் குளிரும். குடையை வாடை பிரட்டிவிடும். முழங்கால்வரை வரும் மழைக்கோட்டே நல்லது. ஜீன்ஸ் லேசில் காயாது. போனுக்கு இரண்டு சொப்பின் (பிளாஸ்டிக்) பை, ஒன்றுக்குள் ஒன்று. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், பூச்சு மருந்தைக் காலையிலேயே பூசுங்கள்.

டிசெம்பர் 17
கோணேசர் கோயிலுக்கு விடியப்புறமே கிளம்புங்கள். 6 மணி தாண்டியதும் வெளிச்சம் வந்துவிடும். மழை விட்டிருந்தால் கடலில் சூரியன் ஏறுவதைப் பார்க்கலாம். பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் ஏற்றம். 1624இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் போட்டுக் கட்டிய கோட்டை இது. அதை நினைத்துக்கொண்டு நடந்தால் அந்த மதில் வேறு மாதிரித் தெரியும்.

செருப்பைக் கழற்றியபின் கவனம். ஈரக் கல்லில் பச்சையாகத் தெரிவது பாசி. அதில் குதிக்காலை முதலில் வைத்தால் வழுக்கும். பாதம் முழுவதையும் பதித்து, சின்ன அடியாக வையுங்கள். பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் காற்று திடீரென்று தள்ளும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கோட்டை மான்கள் பழம் இருந்த பையையும் சேர்த்துத் தின்றுவிடும். அது அவற்றின் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பையைத் திரும்பக் கொண்டுபோங்கள்.

டிசெம்பர் 21
மழை நாளுக்கு ஏற்ற இடம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அனுராதபுரம் வீதியில் போகவேண்டும். காத்துநிற்பதையும் திரும்பி வருவதையும் சேர்த்து ஓட்டோக்காரரிடம் ஏறமுன்னமே கூலி பேசுங்கள். சின்னச் சதுரக் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். கையை நனைத்துப் பார்த்து, சூடு குறைந்ததில் தொடங்கிக் காலிலிருந்து மேலே ஊற்றுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த குடும்பம் நின்றால் ஒதுங்கி இடம் விடுங்கள், படம் எடுக்கவேண்டாம்.

டிசெம்பர் 26
காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம். 2004 சுனாமி இந்தக் கரையையும் அள்ளிக்கொண்டு போனது. எங்கே இருந்தாலும் நில்லுங்கள்.

டிசெம்பர் 29
தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) என்று வானொலியில் சொன்னால் மட்டக்களப்புப் பயணத்தை ஒத்திவையுங்கள். மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் வீதி தண்ணீருக்குள் போகும். ஹபரணை வழியாகச் சுற்றிப் போவதென்றால் மத்தியானத்துக்குள் புறப்படுங்கள்: 6 மணிக்கு இருட்டிவிடும், அந்த வீதியில் யானை ஏறும்.