‘எங்கயிருந்து கதைக்கிறீங்க?’

15 ஜனவரி 2024, திங்கள்

பொங்கலுக்கு வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் கூடினோம். மருமகன் இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு யூடியூபில் ஊர்க்கதை கதைக்கிறவன். “மாமா, உங்கட காலத்து ரேடியோ எண்டா ‘அன்பார்ந்த நேயர்களே’ தானே? அதில என்ன பகிடி?” என்று கேட்டான். நான் சும்மா விடுவேனா?

எழுபதுகளில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற பகிடி நாடகம் போனது. எஸ். ராம்தாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம் தமிழ் பேசுவார். ராஜகோபாலின் அப்புக்குட்டி பச்சை யாழ்ப்பாணத்தான். செல்வசேகரனின் உபாலி, சிங்களவர் பேசும் தமிழை அப்படியே கொண்டுவருவார். ஐயர் யார் தெரியுமா? அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத்! இந்து ஒருவர் மரிக்கார், முஸ்லிம் ஒருவர் ஐயர். இன்றைக்கு இப்படிச் செய்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அறிக்கை வரும். அன்று ஜிந்துப்பிட்டியில் எங்கள் லைன் வீட்டுக்காரர் எல்லாரும், மற்றவனைக் கிண்டலடிக்கும்போது சிரித்து, தன்னைக் கிண்டலடிக்கும்போது இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் ‘திரைவிருந்து’ நிகழ்ச்சி பற்றியும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியை வீசுவார், ஏதோவொரு படத்து வசனம் வந்து விழுந்து பதில் சொல்லும். இசைத்தட்டையும் நாடாவையும் வைத்துக்கொண்டு மனுசன் செய்த வேலை அது. “மீம்ஸ் மாதிரி” என்றான் மருமகன். விளங்கிவிட்டது அவனுக்கு.

25 ஜனவரி, வியாழன்

இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் நேற்றுப் பின்னேரம் பாராளுமன்றத்தில் 108க்கு 62 வாக்குகளால் நிறைவேறியது. மருமகன் இரவே கோல் எடுத்தான். பழைய வீடியோக்களை அழிப்பதா விடுவதா என்று அவனுக்கு யோசனை.

எனக்கு 1997 நினைவுக்கு வந்தது. அந்த வருடம் ஒலிபரப்பு அதிகாரசபைக்கென்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய வருடத் தீர்ப்பு. முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை அரச வானொலி 1995இல் திடீரென நிறுத்திவிட்டது. வழக்குப் போட்டவர் அறிவிப்பாளரும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. அந்த நிகழ்ச்சியில் பங்கெடுத்துவந்த ஒரு நேயர். நிகழ்ச்சியை நிறுத்தியதால் பங்கெடுக்கும் நேயர் என்ற வகையில் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதிமன்றம் தீர்த்தது. கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கும் வாய் உண்டு என்று ஒரு நாட்டின் உச்ச மன்றமே எழுதிவைத்திருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

28 ஜனவரி, ஞாயிறு

அந்த வாயைப் பற்றித்தான் இன்றைக்கும் யோசனை.

தபால் அட்டை போட்டு, பெயரைச் சொல்வார்களா என்று காத்திருந்த தலைமுறை நாங்கள். 1996இல் சன்டெல், லங்கா பெல் என்ற கம்பியில்லாத் தொலைபேசிக் கம்பனிகள் வந்த பிறகுதான் கம்பி இழுக்கும்வரை வருடக்கணக்கில் காத்திராமல் வீடுகளுக்குப் போன் கிடைத்தது. 1998இல் சூரியனும் சக்தியும் தமிழில் எஃப்.எம். தொடங்கியபோது போன்கள் தயாராக இருந்தன. தனியார் வானொலி என்றால் எல்லாரும் பாட்டைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் அந்தக் கோல்கள்தான்.

முந்திய அறிவிப்பாளர்களின் தமிழைக் கேட்டால் முதுகு நிமிரும். இந்த எஃப்.எம். அறிவிப்பாளர்கள் வந்ததும் “என்ன மச்சான்” என்று தொடங்கினார்கள். பெரியவர்கள் பல்லைக் கடித்தார்கள். நானும் கொஞ்சம் கடித்தேன், ஆனால் அலைவரிசையை மாற்றவில்லை.

அது யுத்த காலம். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் பொலிஸ் பதிவுத் துண்டோடு கிடந்தார்கள். இரவு நிகழ்ச்சிக்குக் கோல் எடுப்பவர்களில் அவர்களும் இருந்தார்கள். அறிவிப்பாளர் வழமைபோல் கேட்பார்: “எங்கயிருந்து கதைக்கிறீங்க?” மறுபக்கம் ஒரு இழுவை. “இங்க… பக்கத்திலதான்.” எங்களுக்கு விளங்கும். பொலிசும் ரேடியோ கேட்கும் அல்லவா? ஒருநாள் ஒரு அறிவிப்பாளர் விடாமல், “பக்கத்தில எண்டா இடப்பக்கமா, வலப்பக்கமா?” என்றார். அந்தப் பெடியன் உடனே, “அண்ணை, சுவர்ப்பக்கம். இது ஒரு ஆள் படுக்கிற அறை, நாலு பேர் படுத்திருக்கிறம்” என்றான். கலையகத்தில் சிரிப்பு அடங்கப் பாட்டுப் போடவேண்டி வந்தது.

அந்தப் பகிடியில் கெட்டிக்காரன் அறிவிப்பாளர் இல்லை, கோல் எடுத்தவன். நக்கல் வானொலி என்று இப்போது ஏங்குகிறவர்கள் அறிவிப்பாளரின் துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். ஒருவர் நக்கலடிக்க, மற்றவர் அங்கேயே வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மருமகனின் யூடியூபில் மூன்று பேரும் நல்லாகத்தான் கதைக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே பக்கம். கீழே வந்து திட்டுகிறவனுக்குக் குரல் இல்லை, எழுத்துத்தான்.

எல்லாம் பொற்காலம் இல்லை. முன்பின் தெரியாதவருக்குக் கோல் எடுத்துப் பயப்படுத்தும் பகிடிகளும் நடந்தன. வேலை போய்விட்டது என்று சொல்லி ஒரு பெண்ணை அழவைத்ததை நானே கேட்டேன். அவளுக்குத் திருப்பிக் கொடுக்க அவகாசமே இருக்கவில்லை. அதைப் பகிடி என்று நான் ஒருபோதும் கணக்கில் எடுத்ததில்லை.

4 பெப்ரவரி, ஞாயிறு

சுதந்திர தினம். ரேடியோவில் காலி முகத்திடல் அணிவகுப்பு. நிறுத்திவிட்டு உடுப்புத் தோய்த்தேன்.

13 பெப்ரவரி, செவ்வாய்

உலக வானொலி தினமாம். எல்லா நிலையங்களும் தங்களைத் தாங்களே வாழ்த்திக்கொண்டன. வாழ்த்தின தமிழ் கொழும்பும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை, மலையகமும் இல்லை. சென்னை டிவியில் பழகி வந்தது. மரிக்காருக்கும் அப்புக்குட்டிக்கும் இப்போது குரல் தேர்வு வைத்தால் முதல் நிமிடத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

புறக்கோட்டையில் திரைச்சீலைக்குத் துணி எடுக்கப் போனேன். கடை நானா அந்தக் காலத்துக் கோல்காரர். நிலைய நம்பர்கள் அவருக்கு மனப்பாடம். இப்பவும் எடுக்கிறீங்களா என்று கேட்டேன்.

“எங்க வாப்பா எடுக்கிற? வட்ஸ்அப்ல வொய்ஸ் அனுப்பட்டாம். நான் ரெண்டு நிமிசம் கதச்சு அனுப்பினா, ‘வணக்கம்’ மட்டும் போட்டுட்டு மிச்சத்த வெட்டிட்டானுகள். சீல வெட்டுறது என்ட தொழில். என்ட கதைய வெட்ட அவன் யாரு?”

துணியை மூன்று மீற்றருக்குக் கொஞ்சம் கூடவே வெட்டித் தந்தார்.