பழைய பூனை இருக்கும் வீட்டில் புதுக் குட்டியைப் பழக்கியது

ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீடும், அதற்கு மேலுள்ள மொட்டை மாடியும், பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் பாதியும் எங்கள் மணியின் எல்லை. மீன் வாசத்துக்கு வரும் கடுவன் பூனைகளைக்கூடப் படிக்கட்டிலேயே உறுமித் திருப்பி அனுப்பிவிடும் பெண் பூனை அது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கும் எதிர்வீட்டு அக்கா, படகுகளுக்கு நடுவில் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உள்ள வுட்டுரு தம்பி, ரெண்டு நாளு அடிச்சிக்கும், அப்பால ஒண்ணாயிடும்" என்றார் அக்கா. துறைமுகத்தில் பத்துப் பதினைந்து பூனைகள் ஒரே இடத்தில் படுத்திருப்பதை நாள்தோறும் பார்ப்பவர் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் உணவு கிடைக்கும் இடத்தில் அப்படிக் கூடி வாழும் பூனைகள் பெரும்பாலும் தாயும் மகளும் சகோதரிகளுமாக இருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் புதிதாக ஒன்று நுழைந்தால் அவையும் விரட்டவே செய்யும். பூனை தன்னைச் சேர்ந்தவரை முதலில் மணத்தால்தான் அடையாளம் காண்கிறது. எனவே, குட்டியின் மணம் மணிக்குப் பழகும்வரை இரண்டையும் ஒன்றையொன்று பார்க்கவே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பிரித்து வைக்க அதைவிட அவசரமான காரணம் ஒன்றும் இருந்தது. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குட்டியைக் கொண்டு சென்றபோது, பல்லையும் எடையையும் பார்த்து, ஏழு வாரம் இருக்கும் என்றார்கள். தெருவிலிருந்து வரும் குட்டி பேன்லூக்கோபீனியா என்னும் கொடிய வைரஸ் நோயைச் சுமந்து வரக்கூடும் என்பதாலும், அந்தக் கிருமி துணியிலும் தரையிலும் பல மாதங்கள் சாகாமல் இருக்கும் என்பதாலும், இரண்டு வாரமாவது தனியே வைக்கச் சொன்னார்கள். குடற்புழு மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசி போட்டு, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகளையும், பன்னிரண்டு வாரத்துக்குப் பின் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் போட வேண்டும் என்றார்கள்.

எங்களுடையது சிறிய வீடு. அம்மா தையல் மெஷின் வைத்திருக்கும் அறையைக் குட்டிக்கு ஒதுக்கினோம். அந்த அறையில்தான் மணிக்கு நாட்டம் குறைவு. பழைய பூனை விரும்பித் தூங்கும் அறையைப் புதியதற்குக் கொடுத்தால் முதல் நாளே பகை விதைத்தவர்களாகிவிடுவோம் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு வாரத் தனிமைக் காலம் முடிந்த பிறகு, மெல்லிய துண்டால் குட்டியின் கன்னத்தையும் தாடையையும் தேய்த்து, அதை மணி நடமாடும் இடத்தில் போட்டேன். அது மோந்து பார்த்து, மேலுதடு சுருங்க வாயைச் சற்றுத் திறந்தபடி அசையாமல் நின்றது. பிறகு இரண்டடி பின்வாங்கிச் சீறியது. துண்டைக் கையில் எடுத்து நீட்டவில்லை, மணியை அதனருகே தூக்கிச் செல்லவும் இல்லை. உப்புப் போடாமல் வேகவைத்து முள் நீக்கிய நெத்திலியை மட்டும் துண்டின் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். சீறல் நின்று, துண்டைத் தாண்டிப் போய்ச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான், மூடிய கதவின் இருபுறமும் இரண்டு தட்டுகளைத் தள்ளி வைத்து, நாளுக்கு நாள் கதவை நோக்கி நகர்த்தினேன். இடையிடையே மணியைத் தையல் அறையிலும் குட்டியைக் கூடத்திலும் விட்டு இடம் மாற்றினேன்.

இந்தக் கட்டத்தில் தரை துடைக்கும் பினாயிலை வீட்டை விட்டே அகற்றினோம். எங்கள் பகுதியில் காலையில் அது இல்லாமல் வாசல் கழுவாத வீடு குறைவு. ஆனால் பினால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் சரியாகச் சிதைக்க முடியாததால், ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அதற்கு நஞ்சாகும். அதோடு, பூனை கன்னத்தைத் தேய்த்துப் பதித்த மணத்தையெல்லாம் அழித்துவிட்டு, தன் வீடே தனக்கு அந்நியமாகிவிட்ட கலக்கத்தை இந்த நேரத்தில் அதற்குக் கூட்டுவது சரியில்லை. அம்மா இப்போது வெந்நீரில் சிறிது சோப்பு கலந்து துடைக்கிறார்.

மணம் பழகியதும், ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை மரச்சட்டத்தில் அடித்துக் கதவுக்குப் பதிலாக நிறுத்தினோம். குட்டியை முன்னதாகவே விளையாட வைத்துக் களைப்படையச் செய்வது பெரிதும் உதவியது. துள்ளிப் பாயும் குட்டியை எந்தப் பழைய பூனையும் பொறுப்பதில்லை. சீறுவதும், நகம் நீட்டாமல் ஓர் அறை விடுவதும் எச்சரிக்கைதான்; அவற்றைத் தடுக்கவோ மணியைத் திட்டவோ கூடாது. காது தலையோடு ஒட்டி, அடித்தொண்டையில் உறுமல் தொடர்ந்து, கண் இமைக்காமல் முறைத்தால் நடுவில் ஓர் அட்டையை நுழைத்துப் பார்வையை மறைத்து, அன்றைய சந்திப்பை முடித்தேன். சண்டைக்கு நடுவில் கையை விடவே கூடாது. பூனையின் கூரிய பல் ஆழமாக இறங்குவதால் கடித்த இடம் எளிதில் சீழ் வைக்கும், வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ஓட வேண்டியிருக்கும்.

வலையை எடுத்த பிறகும் சாப்பாடு முதலில் மணிக்குத்தான். பீரோ மேலிருந்து பரணுக்குச் செல்ல ஒரு பலகை அடித்துக் கொடுத்ததில், குட்டியால் ஏற முடியாத உயரம் ஒன்று அதற்குக் கிடைத்தது. மணல் தட்டுகள் இரண்டு பூனைகளுக்கு மூன்று. மூன்றும் வெவ்வேறு மூலைகளில். இடம் போகிறதே என்று அம்மா முதலில் தயங்கினார். ஆனால் ஒரு பூனை தட்டுக்குப் போகும் வழியில் மற்றொன்று மறித்துப் படுத்துக்கொண்டால், அது தலையணையில்தான் போகும் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

இப்போது இரண்டும் ஒரே கூடத்தில் தூங்குகின்றன, ஒட்டிக்கொண்டு அல்ல, இரண்டு முழ இடைவெளியில். எனக்கு அது போதும். குட்டியும் பெண் என்பதால், நான்கு மாதத்திலேயே சினையாகக்கூடும் என்று எச்சரித்து, ஐந்து மாதம் ஆவதற்குள் கருத்தடை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனை வாடையோடு திரும்பும் பூனையை, நன்றாகப் பழகிய பூனைகூட அந்நியமாக நினைத்துத் தாக்குவதுண்டு. அதனால் அன்று தையல் அறையைத் திரும்பவும் காலி செய்து, வாடை போகும்வரை குட்டியை அங்கே வைக்க வேண்டும். கொசுவலைச் சட்டத்தை அதற்காகத்தான் பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.