கொட்டியாரக் கரையில் வீடும் தண்ணீரும்

திருகோணமலை நகரை விட்டுத் தெற்கே இறங்கினால் சீனக்குடாவுக்கு அப்பால் கிண்ணியாப் பாலம் வருகிறது. 396 மீற்றர் நீளம். 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன்னர் அந்த இடத்தில் இருந்தது ‘பாதை’. இந்தப் பக்கத்தில் பாதை என்றால் வீதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீருக்குக் குறுக்கே போகும் மிதவை அது. கிண்ணியா, மூதூர், சம்பூர், கூனித்தீவு, இளக்கந்தை எதுவும் வரைபடத்தில் தீவு இல்லை. ஆனால் ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, இன்னொரு பக்கம் களப்பு, நடுவில் மகாவலியின் கழிமுகம். பாலங்கள் வரும்வரை ஒரு மூடை சீமெந்துகூடத் துறையடியில் காத்திருந்துதான் வந்தது. மழைக்காலத்தில் நனைந்து, வீடு வந்து சேரும்போது கட்டியாகியிருக்கும். பாலம் முடியாத இடத்தில் இப்போதும் ஆபத்துதான்: 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள்.

இங்கே உதவிக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது கிணறு. முதல் பிழையும் அங்கேதான். கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு சாண் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது சாணுக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயம் தெரியும். பம்ப் வைத்து மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறக்கினால், அடியில் உப்பு நான்கு மீற்றர் மேலே ஏறப் பார்க்கும். சீமெந்து வளையங்களை (கொட்டு) ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கொட்டுக்கிணறு வாளியால் அள்ளிய காலத்தில் இனித்தது, இரண்டு அங்குல மோட்டர் வந்த பிறகு சவர்த்துப்போவது இதனால்தான். “தண்ணி காணாது, இன்னும் இரண்டு கொட்டு இறக்குங்கோ” என்று கேட்பார்கள். இறக்கினால் உப்பை இன்னும் கிட்டக் கூட்டி வந்த மாதிரி. ஆழத்தைக் கூட்டுவதை விட, ஆழமில்லாத இரண்டு கிணறுகளைத் தள்ளித் தள்ளி வைத்து மெதுவாக அள்ளுவது மேல்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை நெடுகிலும் இது நடந்தது. கடல் புகுந்த கிணறுகளை நல்ல மனதோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உப்புக் குறையவில்லை, சில இடங்களில் மணல் சரிந்து கொட்டுகளும் இறங்கின. சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒருதரம் இறைத்துவிட்டு, மாரிமழை மேலிருந்து கழுவும்வரை விட்டிருக்க வேண்டும்.

உப்பை எடுக்க மருந்து கிடையாது, கிருமிக்கு உண்டு. 1.2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் அது சுமார் 2,260 லீற்றர். வெள்ளத்துக்குப் பிறகு லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் போட, 30 வீதச் செறிவுள்ள வெளிற்றும் தூள் 375 கிராம் வேண்டும். தூளை நேரே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை அள்ளி ஊற்றவேண்டும். திறந்து வைத்த பையில் கிடந்த தூள் வீரியம் இழந்திருக்கும். அளவு சரியாக இருந்தும் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சவர்த் தண்ணீரை வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களைத் திறந்துவைத்துப் படம் எடுப்பது சுலபம். உள்ளே போகும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதி, இன்னும் உப்பாகி வெளியே வரும். அதைப் பின்வளவு மணலில் விட்டால் திரும்பிக் கிணற்றுக்கே வரும். மின்கட்டணத்தையும் சவ்வு மாற்றும் செலவையும் யார் கட்டுவது என்று முதல் நாளே எழுதி வைக்காத இயந்திரம் வெறும் இரும்புப் பெட்டிதான்.

ஆகவே இந்தக் கரையில் வீட்டையும் தண்ணீரையும் இரண்டு திட்டமாகப் பிரிப்பதே எங்களுக்குப் பிடிக்காத விடயம். கூரைதான் கிணறு. மீள்குடியேற்றத்தில் கட்டிய பல வீடுகளின் அளவான 550 சதுர அடியை எடுப்போம். 51 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை, சேதம் போக, 40 லீற்றர் தரும். 200 மில்லிமீற்றர் பெய்தால் 8,000 லீற்றர் தாங்கி நிறையும். வழமையான ஆண்டில் அதற்கு நவம்பர் ஒரு மாதம் போதும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால், மாசியிலிருந்து புரட்டாதி வரையான 240 நாளுக்கு 6,000 லீற்றர். குளிப்புக்கும் எடுத்து நாளுக்கு 100 லீற்றர் போனால் 80 நாளில் தாங்கி வறளும். குளிப்புக்குக் கிணற்றுச் சவர் போதும்.

பெரோ சீமெந்துத் தாங்கிக்குக் கம்பிக்கூட்டும் கோழிவலையும் கட்டி, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு ஆற்றுமணல் பூசவேண்டும். கடல்மணல் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும். பூசிய பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வைக்கவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்கிற அவசரத்தில் மேசன்மார் முதலில் விடுவது இதைத்தான். நிறைந்தால் எட்டுத் தொன். இளகிய மணலில் அடித்தளம் இறுகாவிட்டால் ஒரு பக்கம் இறங்கி வெடிக்கும். முதல் நிரப்பில் சீமெந்து ருசி இருக்கும், அதைச் செடிக்கு விடலாம். கோடையில் அடியோடு காயவிட்டாலும் வெடிக்கும். ஒரு முழம் தண்ணீராவது கிடக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர்ப் பவுசர் வரும்போது கொஞ்சம் பிடித்துவிடுங்கள். எங்காவது தாங்கிக்குள் தண்ணீருக்குப் பதில் விறகு அடுக்கியிருக்கக் கண்டால், இந்த வெடிப்பில்தான் அதன் கதை முடிந்திருக்கும்.

முதல் மழை கூரையின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கொண்டு வரும். நான்கு அங்குலக் குழாய் ஒரு மீற்றருக்கு எட்டு லீற்றர் கொள்ளும். மூன்று மீற்றரைச் சுவரோடு நிமிர்த்தி, கீழே மூடி போட்டால் முதல் 24 லீற்றர் அதில் தேங்கிய பிறகே தாங்கிக்குப் போகும். தேங்கியது தானாகச் சொட்டி வடிய, மூடியில் ஊசி நுழையும் துளை ஒன்று வேண்டும். துளை இல்லாவிட்டால் யாரும் திறக்க மாட்டார்கள், அடுத்த மழைக்குக் குழாய் நிறைந்தே நிற்கும். மேல்வாய்க்கு நுளம்புவலை. மிகைநீர் அத்திவாரத்தை அரிக்காமல் தூரப் போகட்டும். பிளாஸ்ரிக் திருகுபிடி ஓராண்டு தாங்காது. பித்தளைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கூரை பறந்தால் தண்ணீரும் பறக்கும். 1964 டிசம்பர்ப் புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியது. 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை ஏறியது. காற்று கூரையை மேலே இருந்து அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்கும். எனவே அத்திவாரத்துக் கம்பி சுவருக்குள்ளால் வந்து, சுவர்த்தலையைச் சுற்றி ஓடும் கொங்கிறீற்று வளையத்தைப் பிடிக்கவேண்டும். வளையத்திலிருந்து இரும்புப் பட்டி கைமரத்தைப் பிடிக்கவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் போய்விடும். ஓரத்திலும் முகட்டிலும் திருகாணிகளை நெருக்கமாகப் போடவேண்டும். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு இணைக்காமல் தனியாக விட்டால், அது போனாலும் வீடு நிற்கும். நான்கு பக்கச் சரிவுக் கூரைக்கு மரமும் கூலியும் கூடும், பீலியும் நான்கு பக்கமும் தேவை. ஆனாலும் எங்கள் வாக்கு அதற்கே.

கழிவறைக் குழி அடுத்த தொல்லை. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி என்பது எல்லாருக்கும் தெரியும். 10 பேர்ச் காணி சதுரமானால் பக்கத்துக்கு 52 அடி. உங்கள் குழியை எதிர் மூலையில் வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு இருபதடியில் வந்துவிடும். வீடு வீடாகக் காசு பிரித்துக் கட்டும் திட்டங்களில் இது யாருடைய படத்திலும் இருப்பதில்லை. முழு வரிசைக்கும் கிணறுகள் வீதிப்பக்கம், குழிகள் பின்பக்கம் என்று ஒரே தாளில் கீறினால் தீர்ந்துவிடும்.

சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்தது, பின்னர் தளர்ந்தது. கரைவலைக்காரர் தோணியையும் வலையையும் விட்டு உள்ளே போய்ப் படுப்பார்களா? கல்வீடு உள்ளே, கிடுகு வாடி கரையில் என்று இரண்டு வாழ்க்கை. வாடியில் கூரைத் தண்ணீர் பிடிக்க முடியாது. அங்கே 20 லீற்றர்க் கான்தான், வீட்டுத் தாங்கியில் நிரப்பி சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது. வீட்டுத் தாங்கியின் திருகுபிடியை, கானை நிமிர்த்தி வைக்கும் உயரத்தில் போடவேண்டும்.