டி-34க்கு வெள்ளையடித்தேன், மூன்றாவது தடவையில்

நேற்று ராத்திரி ஒருவழியாக வெள்ளை உரிந்தது, அதுவும் உரிய வேண்டிய இடத்தில் மட்டும்! 1/35 அளவில் சோவியத் டாங்கி டி-34இன் மாடல், 1941-42 குளிர்காலத்து வண்டி. அடியில் 4பிஓ என்ற சோவியத் ராணுவப் பச்சை, மேலே பனியில் மறைவதற்கான, கழுவினால் போகிற வெள்ளை. அது தேய்ந்துபோன மாதிரி காட்டத்தான் இந்த உரிப்பு.

முதல் தடவை மத்தியானத்தில் அடித்தேன். பாளையங்கோட்டை வெயிலில் ஏர்பிரஷ்ஷை (பெயிண்ட் தெளிக்கும் சின்னத் துப்பாக்கி) விட்டுக் கிளம்பிய பெயிண்ட் வண்டியைத் தொடும் முன்பே காய்ந்து, மாவு தூவினது போலச் சொரசொரப்பாகப் படிந்தது. இரண்டாவது தடவை வெள்ளையைத் தின்னரில் கரைத்து அடித்துவிட்டு, மறுநாள் காலையில் உரிக்க உட்கார்ந்தேன். அசையவே இல்லை. ஊசியால் சுரண்டப் போய் பச்சையும் சேர்ந்து போனது.

இந்தத் தடவை ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கம்ப்ரசரைப் போட்டேன். பச்சைக்கு மேல் ஹேர்ஸ்ப்ரே மெலிதாக இரண்டு கோட், தண்ணீர் பட்டால் அது இளகி மேலே இருக்கும் வெள்ளை உரியும். அது காய்ந்ததும் டாமியா கம்பெனி மாடல் பெயிண்ட் வெள்ளை, தண்ணீரில் கரைத்தது. தண்ணீரில் கரைத்தால் பிடிப்பு குறைவு, இங்கே வேண்டியதும் அதுதான். இருபது நிமிஷத்திலேயே உரிக்கத் தொடங்கிவிட்டேன். முடியைக் குட்டையாக வெட்டின பழைய பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். நனைத்து அரை நிமிஷம் விட்டுத் தட்டினால் ஓரம் லேசாகத் தூக்கிக்கொடுக்கிறது, அப்புறம் தேய்த்தால் போதும். டரெட்டின் (பீரங்கி இருக்கும் சுழல் மேல்பகுதி) பெரிய மூடி விளிம்பு, ஆட்கள் ஏறி இறங்கும் மட்கார்டு, காலாட்படையினர் உட்கார்ந்து போன எஞ்சின் மேல்தட்டு, இங்கெல்லாம்தான் அதிகம் தேய்த்தேன்.

அந்தக் காலத்து வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்பு, சாக்பீஸ் தூள் கரைசல். கையில் கிடைத்த பிரஷ்ஷால் வீரர்களே பூசினார்கள். பொங்கலுக்கு வீட்டுச் சுவரில் மட்டையால் வெள்ளையடிக்கும்போது நெட்டுக்கு விழும் கோடு இருக்கிறதே, பழைய போட்டோக்களிலும் அதுவேதான் தெரிகிறது. மெல்லிய பிரஷ்ஷால் பக்கவாட்டில் அப்படி இழுத்ததும் வண்டிக்கு உயிர் வந்துவிட்டது.

பெயிண்ட் அனுப்பிய ஆன்லைன் கடைக்காரர் மூடியைச் சரியாக இறுக்கவில்லை. பாதி பாட்டில் அட்டைப்பெட்டிக்குள் போனது, கேட்டதற்குப் பதிலே இல்லை.

அடுத்து பிரிட்டிஷ் டாங்கி மட்டில்டா. 1940-41 வட ஆப்பிரிக்காவின் கான்டர் என்ற உருமறைப்பு பெயிண்ட் முறை: சாய்ந்த நேர்கோடுகளில் மூன்று நிறம், முழுக்க மாஸ்கிங் டேப் வேலை. சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணைச் சலித்து வைத்திருக்கிறேன், ஆனால் அந்தச் சிவப்பு லிபிய மணலுக்கு ஒத்து வராது. அதை வியட்நாம் வண்டிக்கு வைத்துக்கொள்கிறேன்.

டி-34க்கு இன்னும் சங்கிலி மாட்டவில்லை. பனி மாதிரி தூவச் சோடா உப்பு வேண்டாம், நாளாக ஆக மஞ்சளித்துப் போகும். வேறு பொடி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.